பாசி நிற அறை

பிப்ரவரி 4

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதறேன். ஃபோன் பண்ணலாம்னுதான் முதல்ல எடுத்தேன். போன தடவை நான் கத்தினதும், நீங்க பாதியில வச்சதும் ஞாபகம் வந்துச்சு. கீழ வச்சுட்டேன். கடுதாசியில கத்த முடியாது, அது ஒரு வசதி. எழுத்துல தப்பு இருந்தா பெரிசு பண்ணாதீங்க. அஞ்சாவதோட நின்னவ நான்.

உங்க சித்தி எல்லாம் சொன்னாங்க. மார்ச் 28ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணமாமே. பொண்ணு பள்ளிக்கூடத்துல கிளார்க்காமே, அமைதியான பொண்ணாமே. நல்லா இருங்க. முப்பத்தி நாலு வயசு ஆம்பளை டிப்போவுல பஸ்ஸுக்கு அடியில படுத்து பிரேக் பார்த்துட்டு வந்து, தனியா சோறு வடிச்சுத் தின்னணும்னு நான் சொன்னா எனக்கு அடுக்காது. என் பொண்ணு போய் ஒன்பது மாசம்தானே ஆகுதுன்னு நாலு பேர் கேட்டாங்க. அவங்க வாயை நான் அடைச்சுட்டேன். அதுக்காக எழுதல.

பெட்ரூமுக்கு வெள்ளை அடிக்கப்போறீங்களாம். பெயிண்டர்கிட்ட சொல்லியாச்சாம். அதுக்குத்தான் எழுதறேன்.

அது என் குருவி தன் கையால அடிச்ச அறை. உங்களுக்குத் தெரியாததா. நீங்க டூட்டிக்குப் போன நாலு நாள்ல, ஸ்டூல் மேல ஏறி நின்னு அடிச்சா. தினமும் எனக்கு ஃபோன்ல சொல்லுவா. "அம்மா, இன்னைக்கு ஜன்னல் சுவர் முடிச்சேன். அம்மா, பீரோவை நகத்த முடியல, அதைச் சுத்தியே அடிச்சுட்டேன்." என்ன கலர்டின்னு கேட்டா சொல்ல மாட்டா. வந்து பாருன்னா.

வந்து பார்த்தேன். கறுப்பும் இல்ல, பச்சையும் இல்ல. சாம்பலைக் கரைச்சு, மண்ணைப் போட்டு, அதுல இலையை அரைச்சு ஊத்தின மாதிரி. "என்னடி, எருமை குளிச்ச குளத்தை மொண்டு வந்து சுவத்துல ஊத்தினியா"ன்னு கேட்டேன். சிரிச்சா. நீங்களும் அங்கதான் நின்னீங்க, நீங்க சிரிக்கல.

ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி அந்த மஞ்ச விளக்கைப் போட்டா பாருங்க. வைக்கோல் நிறத் திரை, மர ஸ்டூல், மேல வெள்ளைப் பீங்கான் ஜாடி, அதுக்குப் பின்னாடி அந்தச் சுவர். மழை பேஞ்சு ஓஞ்ச மரத்தடியில உக்கார்ந்த மாதிரி இருந்துச்சு. உங்க டிப்போ ஆளுங்க வந்து பார்த்துட்டு, இந்தக் கலர் எந்தக் கடையிலன்னு கேட்டாங்கன்னு சொன்னா. அவ்வளவு பெருமை அவளுக்கு.

வெள்ளை எனக்கு அலுத்துப்போன நிறம் மாப்பிள்ளை. இருபத்தெட்டு வருஷமா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வெள்ளை பெட்ஷீட்டா மடிச்சுக்கிட்டிருக்கேன். அவ முகத்தை மூடினதும் நான் மடிச்ச மாதிரி ஒரு வெள்ளைத் துணிதான். அவ கையால அடிச்ச ஒன்னு உலகத்துல மிச்சம் இருக்கு. அது மேலயும் வெள்ளையைப் போட்டு மூடணுமா?

இன்னொன்னு சொல்லணும். வேண்டாம், அது அப்புறம்.

அந்த ஒரு அறையை மட்டும் விட்டுடுங்க. உங்களால முடியும்.

அத்தை


பிப்ரவரி 11

அத்தைக்கு,

உங்க கடுதாசி கிடைச்சுது. கல்யாண விஷயத்தை நானே சொல்லியிருக்கணும். சித்தி வாயால நீங்க கேட்டது என் தப்பு.

அறை விஷயத்துல மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாதீங்க. பெயிண்டர் மார்ச் 10ம் தேதி வர்றார். வரப்போற பொண்ணு எதுவும் கேக்கல, அவங்க அந்த அறையைப் பார்த்ததுகூட இல்ல. எனக்குத்தான் முடியல. ஒன்பது மாசமா நான் முன்னறையில தரையில படுக்கறேன். அந்தக் கதவைத் திறந்தா பகல்லயும் கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து மஞ்ச விளக்குல பார்த்தீங்க. நான் அதுக்குள்ள இருந்தேன்.

அவளோட துணியை எல்லாம் தனியா பார்சல் போட்டிருக்கேன். பீரோவுல இருந்தது இருந்தபடி அட்டைப்பெட்டியில வச்சுட்டேன், பிரிச்சு மடிக்க மனசு வரல. அந்த ஊதா ஸ்வெட்டரும் இருக்கு. அது உங்ககிட்டதான் இருக்கணும்.

சுவர் வேணும்னு மட்டும் கேக்காதீங்க அத்தை. சுவரை எல்லாம் பத்திரப்படுத்த முடியாது.

இதுக்கு மேல இதைப் பத்தி எழுத வேண்டாம்னு கேட்டுக்கிறேன்.

உங்க மாப்பிள்ளை


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னீங்க. எழுதறேன்.

பார்சல் வெள்ளிக்கிழமை வந்துச்சு. சாயங்காலம் வேலை விட்டு வந்து, கை கால் கழுவிட்டு, பாய் விரிச்சு அதுமேல வச்சுப் பிரிச்சேன். ஸ்வெட்டரைத்தான் முதல்ல எடுத்தேன். முகத்துல வச்சுக்கிட்டேன். அவ வாசனை இருக்கும்னு நினைச்சேன்.

இல்ல. அதுல வேற வாசனை வந்துச்சு.

எனக்குப் படிப்பு இல்ல, ஆனா துணி பேசினா எனக்குக் கேக்கும். ரத்தக்கறை எது, மருந்துக்கறை எது, துருக்கறை எதுன்னு பார்க்காமலே விரலால சொல்லுவேன். சலவைக்கூடத்துல புதுசா வர்ற நர்ஸம்மாங்ககூட என்கிட்டத்தான் கொண்டுவந்து காட்டுவாங்க. "கறை டாக்டர்"னு எனக்குப் பேர் வச்சிருக்காங்க. அந்த டாக்டர் சொல்றேன், கேளுங்க.

ஒவ்வொரு துணியிலயும் மடிப்போட வெளிப்பக்கம் மிளகைத் தூவின மாதிரி கரும்புள்ளி. உள்பக்கம் ஒன்னும் இல்ல. அடித்தட்டுத் துணியில அதிகம், மேல்தட்டுத் துணியில கம்மி. இது பெட்டியில வந்ததில்ல. இது ரெண்டு மூணு மழைக்காலம் ஓதம் குடிச்ச பீரோவுல இருந்த துணி. ஒருதடவை ஆஸ்பத்திரி கிடங்குல பைப் உடைஞ்சு சுவர் ஊறி, அதை ஒட்டி அடுக்கியிருந்த நானூறு தலையணை உறை இப்படித்தான் ஆச்சு. துவைச்சாப் போகாது. நாங்க அதையெல்லாம் எரிச்சோம். நோயாளிக்கு ஆகாதுன்னு பெரிய டாக்டரே வந்து நின்னு எரிக்கச் சொன்னார்.

அந்த பீரோ எந்தச் சுவரை ஒட்டி நிக்குது? அவ அடிச்ச அந்தச் சுவர்தானே. அவ தலைமாட்டுச் சுவர்.

அவளுக்குப் பிறந்ததுல இருந்து இளைப்பு. மூச்சு விட்டா சின்னதா ஒரு விசில் சத்தம் வரும், அதனாலதான் குருவின்னு கூப்பிட்டேன். பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே உங்க வீட்ல சொன்னேன், எதையும் மறைக்கல. நீங்க எதையோ மறைக்கிறீங்க. வெள்ளை அடிக்க இவ்வளவு அவசரம் எதுக்கு? அதைப் பத்தி எழுதவும் விட மாட்டேங்கிறீங்க.

சுவர்ல ஓதம் இருந்துச்சா இல்லையா? இருந்துச்சுன்னா எப்ப இருந்து? ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை எழுதுங்க. கதை வேண்டாம்.

அத்தை


பிப்ரவரி 22

அத்தைக்கு,

இருந்துச்சு. நாங்க குடிவந்த முதல் மழையில இருந்து இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டீங்க, கொடுத்துட்டேன். இனி நான் சொல்றதையும் நீங்க கேக்கணும்.

முதல் தடவை நீங்க எங்க வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கா? நீங்க எருமைக் கதை சொன்னது ரெண்டாவது தடவை. நான் கேக்கறது அதுக்கு முன்னாடி, ஜூலையில வந்தீங்களே, அது. எங்க அம்மா இருந்தாங்க, தங்கச்சி இருந்தா, மேல்மாடி சூப்பர்வைசர் வீட்டம்மாவும் டீ குடிக்க வந்திருந்தாங்க. பெட்ரூமுக்குள்ள போன நீங்க விரலைச் சுவத்துல ஒரு இழு இழுத்து, அந்த விரலை எல்லாருக்கும் காட்டிக்கிட்டே வெளிய வந்தீங்க. "என் பொண்ணைக் கொண்டுவந்து கிணத்துக்குள்ள குடி வச்சிருக்கீங்களே, இதுக்கு எங்க வீட்டு ஓலைக் கொட்டகையே தேவலாம்"னீங்க. எங்க அம்மா அன்னைக்கே பெட்டியைக் கட்டினாங்க.

நீங்க போனப்புறம் அவ ரெண்டு நாள் சாப்பிடல. மேல்மாடி குளியலறைத் தண்ணிதான் நம்ம சுவர்ல இறங்குதுன்னு அவளுக்கும் தெரியும். "மேல போய்ச் சொல்லுங்க"ன்னு கேட்டா. மேல இருக்கிறவர் என் சூப்பர்வைசர். டிப்போவுல எனக்கு வேலை போட்டுக் கொடுத்தவர். இந்த வீடு காலியா இருக்குன்னு சொல்லி, ஓனர்கிட்ட பேசி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவர்கிட்டப் போய் உங்க குளியலறைத் தரையை உடைங்கன்னு எப்படிச் சொல்றது? அடுத்த மாசம் சொல்றேன்னேன். அடுத்த மாசமும் அதையேதான் சொன்னேன். மூணாவது தடவை அவ கேக்கல.

ஒரு சனிக்கிழமை என்னைப் பெயிண்ட் கடைக்குக் கூட்டிட்டுப் போனா. கைக்குட்டையைப் பிரிச்சா. உள்ள சுவர்ல இருந்து பேத்து எடுத்த பூச்சு, ஒரு ரூபாய் அகலத்துக்கு, பாசி பிடிச்சது. "இதே கலர்ல வேணும், ஒரு சொட்டு கூடக் குறைய இருக்கக் கூடாது"ன்னா. கடைக்காரர் சிரிச்சு, "பாசி சும்மாவே வளருமேம்மா, அதைக் காசு கொடுத்து வாங்கற முதல் ஆள் நீங்கதான்"னார். நாலு தடவை கலந்து காட்டினார். நாலாவது சரியா வந்துச்சு.

வெளிய வந்து என்ன சொன்னா தெரியுமா? "இனிமே எங்க அம்மா வந்தா ஒரு புள்ளி கண்ணுல படாது. நீங்களும் மேல போகத் தேவையில்ல." சந்தோஷமாத்தான் சொன்னா. எங்க ரெண்டு பேரையும் காப்பாத்திட்டதா நினைச்சா.

அதுதான் அத்தை அந்தக் கலர். நீங்க மரத்தடி மாதிரி இருந்துச்சுன்னு எழுதினீங்களே, அது. உங்க வாய்க்குப் பயந்து அவ தேடிப் பிடிச்ச கலர். அதுக்கப்புறம் சுவர் எவ்வளவு கெட்டாலும் யார் கண்ணுக்கும் தெரியல, எனக்கும்தான். அவளுக்கு இருமல் கூடிக்கிட்டே போச்சு, சீதோஷ்ணம்னு நினைச்சோம்.

இப்ப சொல்லுங்க, அதை விட்டு வைக்கணுமா? பத்தாம் தேதி பெயிண்டர் வருவார். ரெண்டு கோட்டு வெள்ளை அடிப்பார். எனக்கு மறக்கணும்.

உங்க மாப்பிள்ளை


மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

கடுதாசி வந்து ஆறு நாள் ஆச்சு. மூணு நாள் வேலைக்குப் போகல. போன அன்னைக்கும் கை ஓடல, இஸ்திரி மிஷின்ல ஒரு பெட்ஷீட்டைக் கருக்கிட்டேன். இருபத்தெட்டு வருஷத்துல முதல் தடவை. கூட வேலை பார்க்கிறவ, "என்னக்கா, டாக்டரே கறை போட்டுட்டீங்க"ன்னா. நான் சிரிக்கலைன்னதும் அவளே எடுத்து ஒளிச்சு வச்சா.

விரலைக் காட்டினது உண்மை. எனக்கு அது மறந்தே போச்சுன்னு எழுதினா பொய். மறக்கல. தாய்க்கு உரிமை இருக்கு, கேட்டேன்னு நினைச்சு வச்சிருந்தேன். உங்க அம்மா பெட்டி கட்டினது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் அன்னைக்கு நான் இறங்கி வந்திருக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவ என்கிட்டப் பேசல. அது உங்களுக்குத் தெரியுமா? நான் ஃபோன் பண்ணுவேன், மணி அடிக்கும், எடுக்க மாட்டா. அவ பிறந்ததுல இருந்து என்கிட்ட ரெண்டு நாள் பேசாம இருந்ததில்ல. அறுபது நாள் எண்ணினேன். அப்புறம் ஒருநாள் அவளே பண்ணி, "அம்மா, ரூமுக்கு பெயிண்ட் அடிக்கிறேன், நாலு நாள்ல முடிஞ்சதும் வா"ன்னா. எனக்கு அவ குரல் கேட்டதே போதும்னு இருந்துச்சு.

முதல் கடுதாசியில ஒன்னு சொல்லணும், அப்புறம் சொல்றேன்னு எழுதினேனே. அதை இப்பச் சொல்றேன்.

ரெண்டாவது தடவை வந்தப்ப அவ அந்தச் சுவத்துல முதுகை வச்சு நின்னுக்கிட்டு இருந்தா. நான் கிட்டப் போனா, "அங்க இன்னும் காயலம்மா, ஒட்டிக்கும்"னா. மூணு தடவை கேட்டா, "பிடிச்சிருக்காம்மா?" எருமைன்னு ஏதோ சொல்லிச் சிரிச்சுட்டு, "நல்லாத்தான்டி இருக்கு"ன்னேன். ஆனா அதுக்கு முன்னாடியே எனக்கு மூக்குல பட்டிருந்துச்சு. பெயிண்ட் வாசனைக்கு அடியில பட்டுச்சு. கிடங்குல அந்த நானூறு தலையணை உறையில வந்த அதே வாசனை. அறை வாசல்ல காலை வச்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நான் சொல்லல.

சொன்னா மறுபடி ஃபோனை எடுக்க மாட்டாளோன்னு பயம். வாயை மூடிக்கிட்டு அவ போட்ட டீயைக் குடிச்சேன். சுவர் நல்லா இருக்கு, திரை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ராத்திரி பஸ் ஏறிட்டேன். சபையில சொல்லி மானத்தை வாங்கத் தெரிஞ்சுது. தனியாக் கூப்பிட்டு, "குருவி, இந்த அறையில படுக்காதடி"ன்னு சொல்ல வாய் வரல. நீங்க மாடிப்படி ஏறலைன்னு நான் உங்களைக் கேக்க வந்தேன். எனக்கு ஒரு படிகூட ஏற வேண்டியதில்ல, பக்கத்துல நின்னேன்.

டாக்டர் இதனாலதான்னு சொல்லல. எழுதிக் கொடுத்த காகிதத்துல நுரையீரல்னு இருக்கு, வேற ஒன்னும் இல்ல. அதை வச்சு நானும் நீங்களும் தப்பிச்சுக்கலாம். எனக்கு முடியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தச் சுவரை விட்டு வைங்கன்னு கேட்டேன்ல, அது வேண்டாம். அதே மாதிரி அது மேல வெள்ளை அடிக்கவும் நான் விட மாட்டேன். அவ செஞ்சதைத்தான் நீங்களும் செய்யப்போறீங்க, கலர்தான் வேற. ரெண்டு கோட்டு வெள்ளைக்குக் கீழ அது உயிரோட இருக்கும். அந்தத் தலைமாட்டுல இன்னொரு வீட்டுப் பொண்ணு படுக்கும். அந்தப் பொண்ணுக்கும் ஒரு அம்மா இருப்பா.

பெயிண்டரை நிறுத்துங்க. மேல போங்க. தண்ணியை நிறுத்திட்டு, செங்கல் தெரியற வரைக்கும் பூச்சைச் சுரண்டி எடுங்க. பத்தாம் தேதிக்குள்ள நீங்க மேல போகலைன்னா நான் பஸ் ஏறி வந்து உங்க சூப்பர்வைசர் கதவைத் தட்டுவேன். அந்தப் பொண்ணு வீட்டு அட்ரஸை உங்க சித்திகிட்ட வாங்கி வச்சுட்டேன். அவங்களுக்கும் எழுதுவேன். மிரட்டறேன்னு நினைச்சா நினைச்சுக்கோங்க. மிரட்டத்தான் செய்யறேன். ஒரு தடவை வாயை மூடிப் பார்த்தாச்சு.

அத்தை


மார்ச் 8

அத்தைக்கு,

பெயிண்டரை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். நாளைக்கு ஞாயிறு, சூப்பர்வைசர் வீட்ல இருப்பார். மேல போறேன். அந்த அட்ரஸுக்கு எழுதாதீங்க. அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லணும்.


மார்ச் 24

அத்தைக்கு,

பதினாறு நாளா எழுதல. எழுத உக்கார்ந்தா முதல் வரியில நின்னுடுது. இப்ப நடந்ததை நடந்தபடி எழுதறேன்.

மேல போனேன். பதினெட்டுப் படி. ரெண்டரை வருஷமா அந்தப் படியை நான் எண்ணினதே இல்ல. சூப்பர்வைசர் பனியனோட நின்னு செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தார். சொன்னேன். வேலையை விட்டுப் போன்னு சொன்னாலும் சரின்னு நினைச்சுக்கிட்டேதான் சொன்னேன். அவர் வாளியைக் கீழ வச்சார். "ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பிளம்பரைக் கூப்பிட்டிருப்பேனே"ன்னார். அவ்வளவுதான் அத்தை. கோபப்படல. அந்த வீட்டம்மாதான் உள்ள இருந்து வந்து, "உங்க வீட்டுப் பொண்ணு ஒருநாள் படியில பாதி ஏறி நின்னுட்டுத் திரும்பிப் போச்சு, என்னமோன்னு இருந்தேன்"னு சொன்னாங்க. எனக்கு அதைக் கேட்டுட்டு அங்க நிக்க முடியல.

பிளம்பர் வந்தார். தரையில ரெண்டு கல்லைத்தான் எடுத்தார். பைப் மூட்டுல சுண்டுவிரல் அளவு விரிசல். அரை நாள் வேலை. காலையில ஆரம்பிச்சு மத்தியானம் கையைக் கழுவிட்டுப் போயிட்டார்.

கட்டிக்கப்போற பொண்ணுகிட்டயும் சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன், நான் மாடி ஏறாததையும் சேர்த்து. முழுசாக் கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், "சுவர் காய எவ்வளவு நாள் ஆகும்?"னு கேட்டாங்க. ரெண்டு மாசம் ஆகலாம்னேன். "அப்ப ரெண்டு மாசம் கழிச்சுப் பேசலாம்"னாங்க. கல்யாணத்தைத் தள்ளியாச்சு. வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல.

நேத்து சுரண்ட ஆரம்பிச்சேன். முதல்ல பீரோவை நகத்தினேன். அவ நகத்த முடியாம சுத்தியே அடிச்சாளே, அந்த பீரோ. பின்னாடி பெயிண்ட் படாத சுவர் இருக்கும், பீரோ அளவுக்குக் கட்டமா தெரியும்னு நினைச்சேன். விளக்கைப் பிடிச்சுப் பார்த்தேன். கட்டமே இல்ல அத்தை. பெயிண்ட் எங்க முடியுது, பாசி எங்க ஆரம்பிக்குதுன்னு கண்டுபிடிக்க முடியல. கையை வச்சுத் தடவித்தான் கண்டுபிடிச்சேன். ஒரு இடம் வழவழன்னு, ஒரு இடம் சொரசொரன்னு. அவ்வளவு சரியா கலந்து வாங்கியிருக்கா.

அங்கயே உக்கார்ந்துட்டேன். மீதியைச் சுரண்டிட்டேன், அந்த பீரோ அளவு இடத்துல மட்டும் கை போகல. பெயிண்ட் டப்பா பரண்ல இருந்துச்சு, பாதிக்கு மேல மிச்சம். அதைத் தூக்கி வாசல்ல குப்பையோட வச்சுட்டேன், அப்புறம் திரும்ப உள்ள எடுத்துட்டு வந்துட்டேன். என்ன பண்றதுன்னு தெரியல.

சுவர் காய்ஞ்சதும் என்ன கலர் அடிக்கிறதுன்னும் தெரியல. நீங்க சொல்லுங்க.

உங்க மாப்பிள்ளை


மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

படியில பாதி ஏறித் திரும்பினாளா. அந்த வரியை மட்டும் விரலால மூடிக்கிட்டு மத்ததைப் படிச்சேன். அதை அப்புறம் ஒருநாள் படிச்சுக்கிறேன்.

சுரண்டும்போது மூக்கைக் கட்டினீங்களா? கட்டியிருக்க மாட்டீங்க. இனிமே ஈரத்துணி கட்டிக்கோங்க. சுரண்டின பூச்சை வீட்டுக்குள்ள வைக்காதீங்க, சாக்குல கட்டி அன்னன்னைக்கே வெளிய போடுங்க. ஜன்னல் ரெண்டையும் திறந்தே வைங்க. அந்த மர பீரோவை வெயில்ல தூக்கிப் போடுங்க, உள்தட்டுல புள்ளி இருந்தா உடைச்சு எரிச்சுடுங்க. அவளோட துணியை நான் எரிச்சுட்டேன். ஸ்வெட்டரை மட்டும் அஞ்சு தடவை கொதிக்கிற தண்ணியில போட்டேன், சுருங்கிக் குழந்தை ஸ்வெட்டர் மாதிரி ஆயிடுச்சு. புள்ளி போகல. அதையும் எரிச்சேன். ஆஸ்பத்திரியில மத்தவங்க பொருளுக்கு ஒரு சட்டம், என் பொண்ணு பொருளுக்கு ஒரு சட்டம்னு இருக்க முடியாது.

பீரோ அளவு இடத்தை நீங்க தொட வேண்டாம். அது என் பங்கு. வர்ற சனிக்கிழமை காலை பஸ்ஸுல வர்றேன், லீவு சொல்லியாச்சு. சுரண்டிட்டு ஞாயிறு திரும்பிடுவேன். உங்களுக்குச் சங்கடமா இருந்தா நான் இருக்கிற நேரத்துக்கு டூட்டி போட்டுக்கோங்க, சாவியை மேல்மாடி அம்மாகிட்டக் கொடுங்க. எனக்கும் அவங்ககிட்ட ஒரு வேலை இருக்கு. அன்னைக்கு அவங்க முன்னாடிதான் விரலைக் காட்டினேன். உங்க அம்மாவுக்கும் எழுதணும், அட்ரஸ் கொடுங்க.

கலர் கேட்டீங்க. வெள்ளை அடிங்க.

நான் சொல்றேன், வெள்ளை. ஆஸ்பத்திரியில ஏன் எல்லாத்தையும் வெள்ளையா வச்சிருக்காங்கன்னு புதுசா வர்றவங்க கேப்பாங்க. நான்தான் சொல்லிக் கொடுப்பேன், கறை பட்டா அந்த நிமிஷமே தெரியணும், அதுக்குன்னு. இருபத்தெட்டு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, உங்களுக்கு வெள்ளை வேண்டாம்னு எழுதினேன். ரெண்டு மாசம் சுவரை வெறுமனே விடுங்க. அப்புறம் வெள்ளை அடிங்க. ஒரு புள்ளி விழுந்தா அந்தப் பொண்ணு கண்ணுல படட்டும். பட்டதும் வாய் திறந்து கேக்கட்டும். கேட்டா நீங்க மேல போங்க.

அந்தப் பொண்ணு வந்தா எனக்குச் சொல்லுங்க. வரலைன்னாலும் சொல்லுங்க.

அந்த டப்பாவை வெளிய போட்டுடாதீங்க. எனக்கு வேணும். மேல தடிமனா ஆடை கட்டியிருக்கும், கிழிச்சு எடுத்துட்டுத் துணியில வடிகட்டினா நல்லாத்தான் இருக்கும். என் வீட்டு முன்னறையில கதவுக்கு எதிர்ச் சுவர் ஒன்னு சும்மா கிடக்குது. பாதி டப்பா அதுக்குப் போதும். மஞ்ச விளக்கு ஒன்னு வாங்கணும், வெள்ளை ஜாடி இருக்கு. அவ ஆசைப்பட்டு எடுத்த நிறம் இல்லைன்னு இப்ப எனக்குத் தெரியும். ஆனா அடிச்சு முடிச்சதும் அவளுக்கு அது பிடிச்சுப்போச்சு. அந்தச் சிரிப்பு பொய்ச் சிரிப்பு இல்ல, அவ சிரிப்பு எனக்குத் தெரியும்.

நேத்து சாயங்காலம் என் வீட்டு அந்தச் சுவரை மேல இருந்து கீழ வரைக்கும் கையால தடவிப் பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறி மூலையிலயும் பார்த்தேன். மூணு இடத்துல மூக்கை வச்சும் பார்த்தேன்.

காய்ஞ்ச சுவர்தான்.

அத்தை